மெட்டு அவங்களோடது, சாப்பாடு இவரோடது

வழக்கம்போல இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது நான் போட்ட 'ஆக்சுவலி' எல்லாத்தையும் எடிட்டிங்ல வெட்டிட்டோம். ஒரு முப்பது நாப்பது இருந்துச்சு.

இன்னைக்கு விஷயம் ஒரே ஒரு எழுத்துல ஆரம்பிக்குது. 1983ல மைக்கேல் ஜாக்சனோட 'பீட் இட்' சிங்கிளா வருது. தெருச் சண்டை, ரெண்டு கேங், எட்டி வான் ஹேலனோட கிட்டார் சோலோ, அவ்வளவு சீரியஸான பாட்டு. அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுல அக்கார்டியன் வாசிக்கிற சுருட்டை முடிக்காரர் ஒருத்தர் அந்தத் தலைப்புல இருந்து முதல் எழுத்தை மட்டும் தூக்கிட்டார். 'ஈட் இட்'. சாப்பிடுடா! தட்டுல இருக்கறதைத் தொடாம அடம் பிடிக்கிற ஒருத்தனை, ஜாக்சனோட அதே மிரட்டல் தொனியில சாப்பிட வைக்கிற பாட்டு. நம்ம வீட்டுல மூணு வேளையும் நடக்கறதுதான். அமெரிக்க பில்போர்ட் ஹாட் 100ல 12வது இடம், ஆஸ்திரேலியாவுல முதல் இடம், 1985ல ஒரு கிராமி.

அவர்தான் 'வியர்ட் ஆல்' யாங்கோவிக். பிறந்தது 1959ல. முழுப் பேரு ஆல்ஃப்ரட். இன்னைக்கும் மேடையில பாடிட்டு இருக்கார். ஸ்டாண்டப் காமெடியன் மேடையில நின்னு சாப்பாடு, பஸ், பழைய கார், மிச்சம் மீதின்னு தினசரி விஷயங்களைப் பேசுவார் இல்ல? அதையே இவர் நாலு நிமிஷ பாப் பாட்டுக்குள்ள வைக்கிறார். இது எப்படி வேலை செய்யுது, அனுமதி விவகாரம் என்ன, இதுல எனக்கு எங்க நெருடுதுன்னு பார்ப்போம்.

முதல்ல ஆளைப் பத்திக் கொஞ்சம். ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் அக்கார்டியன் கிளாஸ்ல சேர்த்துவிட்டாங்க. பள்ளியில முதல் மாணவன். பதினாறு வயசுல ஆர்க்கிடெக்சர் படிக்க கல்லூரி. (சென்னையில ஓப்பன் மைக் மேடை ஏறுறவங்கள்ல எத்தனை பேர் பி.இ.ன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? நானும் பி.இ.தான், அதனால சொல்ல உரிமை இருக்கு.) அப்போ லாஸ் ஏஞ்சலஸ்ல டாக்டர் டிமென்டோன்னு ஒரு ரேடியோ தொகுப்பாளர், கிறுக்குப் பாட்டுகளை மட்டும் தேடித் தேடிப் போடுவார். அவருக்கு இந்தப் பையன் வீட்டுல பதிவு பண்ணின கேசட் ஒண்ணை அனுப்பினான். பாட்டு எதைப் பத்தி தெரியுமா? வீட்டுல இருந்த பிளிமவுத் பெல்வெடேர் காரைப் பத்தி. காதல் இல்ல, புரட்சி இல்ல, வீட்டு கார்.

1979ல தி நேக் குழுவோட 'மை ஷரோனா' அமெரிக்கா முழுக்க ஓடிட்டு இருந்தது. இவர் அதை 'மை பலோனா' ஆக்கினார். பலோனா, பலோனின்னு சொல்றது சாண்ட்விச்சுக்குள்ள வைக்கிற ஒரு இறைச்சித் துண்டு. காதலியோட பேர் இருந்த இடத்துல சாண்ட்விச் இறைச்சி வந்து உட்கார்ந்துடுச்சு. பதிவு பண்ணின ஸ்டூடியோ எதுன்னா, கல்லூரி ரேடியோ நிலையத்துக்கு எதிர்ல இருந்த பாத்ரூம். எக்கோ நல்லா வருமாம். அந்தக் குழுவோட பாடகர் டக் ஃபைகருக்கு இது பிடிச்சுப்போய், தன்னோட ரெக்கார்ட் கம்பெனிகிட்டயே சொல்லி வெளியிட வெச்சார்.

அடுத்த வருஷம் குயீன் குழுவோட 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. இதை இவர் 'அனதர் ஒன் ரைட்ஸ் த பஸ்' ஆக்கினார். ஏற்கெனவே பிதுங்குற பஸ்ல இன்னும் ஒருத்தர் ஏறுறார், இன்னும் ஒருத்தர் ஏறுறார். சாயங்காலம் ஆறு மணிக்கு தாம்பரம் போற பஸ்ல தொங்கினவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. 1980 செப்டம்பர் 14ஆம் தேதி, டிமென்டோ நிகழ்ச்சியில நேரலையா வாசிச்சாங்க. டிரம்ஸ் இல்ல. ஜான் ஷ்வார்ட்ஸ்னு ஒருத்தர் அக்கார்டியன் பெட்டியையே தட்டினார். அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் முதல்முறை சந்திச்சாங்க. அந்த ஷ்வார்ட்ஸ்தான் இன்னைக்கும் இவரோட டிரம்மர். நாப்பது வருஷத்துக்கு மேல ஒரே டீம்! என் டீம்ல ரெண்டு வருஷம் தாண்டினவருக்கு கேக் வெட்டுறோம்.

சரி, இப்போ மெக்கானிசம். கோட் எழுதுறவங்க பாஷையில சொன்னா, இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கும், இம்ப்ளிமென்டேஷன் மட்டும் மாறும். ஆனா இதுக்கு நம்ம ஊர்லயே இன்னும் நல்ல வார்த்தை இருக்கு: தத்தகாரம். இசையமைப்பாளர் 'தான தந்தன தானா'ன்னு மெட்டுக் கொடுப்பார், பாடலாசிரியர் அந்த அளவுக்குச் சொல் வெட்டி வைப்பார். குறில் இருந்த இடத்துல நெடில் வந்தா பாடகர் தடுமாறுவார். வியர்ட் ஆல் பண்றதும் இதே வேலைதான். ஒரே வித்தியாசம், மெட்டுல ஏற்கெனவே ஒரு பாட்டு உட்கார்ந்திருக்கு, அதைக் கேட்கிறவங்க மனப்பாடமா வெச்சிருக்காங்க.

அதுதான் ஜோக்கோட எஞ்சின். பழைய வரி உங்க மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கும், புது வரி காதுல விழும். ரெண்டும் ஒரே நேரத்துல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் சிரிப்பு. புது வரி சத்தத்துல பழைய வரிக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ, அர்த்தத்துல எவ்வளவு தூரம் இருக்கோ, அவ்வளவு நல்லா வேலை செய்யும்.

ஒரு உதாரணம் நானே கட்டுறேன். நிஜப் பாட்டு எதுவும் வேணாம். ஒரு காதல் பாட்டுல இப்படி ஒரு வரி இருக்குன்னு வெச்சுக்கோங்க: 'உன்னைக் கண்டு உறைந்து போனேன்'. இதை 'சமோசாவைப் பார்த்ததும் ஓடிட்டேன்'னு மாத்தினா சிரிப்பு வராது. அளவும் இடிக்குது, சத்தமும் ஒட்டலை. 'பன்னைக் கண்டு பறந்து போனேன்'. இப்போ? உன்னை, பன்னை. உறைந்து, பறந்து. அசை மாறல, எதுகையும் நின்னுடுச்சு. காதலி இருந்த இடத்துல பன் பட்டர் ஜாம். இங்கிலீஷ்ல வரிக் கடைசியில ஓசை ஒத்துப்போகணும், தமிழ்ல வரித் தொடக்கத்துல ரெண்டாம் எழுத்து ஒத்துப்போகணும். அதனால தமிழ்ல பேரடி எழுதறவர் வரியோட தலையில வேலை செய்யணும், இங்கிலீஷ்ல எழுதறவர் வாலுல.

ஏன் இவ்வளவு சாப்பாடு? 'ஐ லவ் ராக்கி ரோட்'னு ஐஸ்கிரீம், 'லசானியா', 'ஸ்பாம்'னு டின்ல வர்ற இறைச்சி. 1993ல சாப்பாட்டுப் பாட்டுகளை மட்டும் தொகுத்து ஒரு ஆல்பமே வந்துச்சு. என் கணிப்பு இது: பாப் பாட்டு பெரும்பாலும் ஏக்கத்தைப் பத்தினது. நீ இல்லாம முடியல, உன்னை நினைச்சுத் தூக்கம் வரல. இந்த வாக்கியங்கள்ல ஆளைத் தூக்கிட்டு பரோட்டாவை வெச்சாலும் இலக்கணம் உடையாது. உணர்ச்சியும் உடையாது. பன்னெண்டரை மணி ராத்திரிக்கு டெலிவரி ஆப்பைத் திறந்து வெச்சிருக்கறவனுக்கு அந்த ஏக்கம் நிஜம்தானே.

இதுல ஒரு தமாஷ் என்னன்னா, மனுஷன் 1992ல அசைவத்தை விட்டுட்டார். அதுக்கப்புறமும் மேடையில இறைச்சிப் பாட்டைப் பாடிக்கிட்டுதான் இருக்கார்.

சாப்பாட்டுல இருந்து உடம்புக்கு வருவோம். இங்கதான் எனக்கு நெருடல்.

1987ல ஜாக்சன் 'பேட்' வெளியிட்டார். 1988ல இவர் 'ஃபேட்' பண்ணினார். குண்டு. ஜாக்சனே இதுக்கு உதவி பண்ணினார். தன்னோட படத்துக்காகப் போட்டிருந்த சப்வே செட்டையே வீடியோ எடுக்கக் கொடுத்துட்டார். அந்த வீடியோவுக்கு 1989ல கிராமி. உடம்பு முழுக்கப் பஞ்சு வெச்ச டிரெஸ் போட்டுக்கிட்டு, ஜாக்சனோட ஒவ்வொரு ஸ்டெப்பையும் அதே கெத்தோட ஆடுவார். தொழில்ரீதியா பார்த்தா அபாரம்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்க கிளாஸ்ல என் மேல ஒரு பாட்டு இருந்துச்சு. அப்போ ஹிட்டான ஒரு பாட்டோட மெட்டுல, ஹீரோயினை வர்ணிக்கிற இடத்துலயெல்லாம் என் வயிறு, என் டிபன் பாக்ஸ், பெஞ்சு உடையற சத்தம். எழுதினவனுக்கு நல்ல காது. அளவு ஒரு இடத்துல கூட இடிக்காது, எதுகை சுத்தமா இருக்கும். அதனாலதான் ரெண்டு வருஷம் ஓடுச்சு. மோசமா எழுதியிருந்தா ஒரு வாரத்துல மறந்திருப்பாங்க. பஸ்ல அந்த ஒரிஜினல் பாட்டு ஓடினாக்கூட திரும்பிப் பார்த்துச் சிரிப்பாங்க. அந்த மியூசிக் டைரக்டர் பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது. இப்ப வரைக்கும் அந்தப் பாட்டு வந்தா நான் ஸ்கிப் பட்டனைத்தான் தேடுவேன்.

அதனால 'ஃபேட்' பாட்டை நான் ரெண்டு மனசோடதான் கேட்கிறேன். அதோட பக்கம் சொல்ல ஒரு விஷயம் இருக்கு: பாட்டுல பேசுறவன் குண்டானவன்தான். அவன் வெட்கப்படல. ஜாக்சன் மாதிரியே மார்தட்டிக்கிறான், ஏரியாவுக்கே நான்தான் பெரிய ஆள்ங்கறான். எங்க கிளாஸ் பாட்டுல நான் பேசவே இல்ல, என்னைப் பத்தி மத்தவங்க பேசினாங்க. யார் வாயில 'நான்'ங்கற சொல் இருக்குங்கறது பெரிய வித்தியாசம். ஆனா அந்தப் பஞ்சு டிரெஸ்ஸைக் கழட்டினா உள்ள இருக்கறது ஒல்லியான ஆள். அவருக்கு அது வேஷம், ராத்திரி கழட்டி மாட்டிடலாம். பார்க்கிறவங்க சிரிக்கிறது வரிக்காகவா, அந்த உருவம் திரையில வந்த அந்த நொடிக்காகவா? ரெண்டாவதுன்னுதான் நான் நினைக்கிறேன். 'ஈட் இட்'ல சிரிப்பு அந்த மிரட்டல் தொனி மேல விழுது, இதுல ஒரு உடம்பு மேல விழுது. நம்ம சினிமா காமெடி டிராக்ல எத்தனை வருஷம் இந்த ரெண்டாவது வகையையே ஓட்டினாங்கன்னு உங்களுக்கே தெரியும். மத்தபடி இப்போ மேடையில அவர் இதைப் பாடுறதில்ல. அதுக்குக் காரணம் வேற: 2019ல ஜாக்சன் மேல இருந்த குற்றச்சாட்டுகளைப் பத்தி டாகுமெண்டரி வந்ததும், அவரோட பாட்டுகளை வெச்சுப் பண்ணின பேரடிகளை எடுத்துட்டார்.

இப்போ அனுமதி. போன மாசம் நிறைய பேர் மெயில்ல கேட்டது இதுதான்: 'ஹிட் பாட்டை வெச்சு நீங்க ஏன் இப்படி ஒரு செக்மென்ட் பண்ணக்கூடாது?'

வியர்ட் ஆல் ஒவ்வொரு தடவையும் ஒரிஜினல் கலைஞர்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணுவார். ஒரிஜினல் பாட்டை எழுதினவங்களுக்கு ராயல்டியும் போகும். 1992ல நிர்வாணா குழுவோட பாட்டைப் பண்ண, கர்ட் கோபெயினை ஒரு டிவி நிகழ்ச்சி செட்லயே ஃபோன்ல பிடிச்சுக் கேட்டார். இது சாப்பாட்டைப் பத்தின பாட்டா இருக்குமான்னு கோபெயின் கேட்டாராம். இல்ல, நீங்க பாடுறது ஒரு வார்த்தை கூட யாருக்கும் புரியலைங்கறதைப் பத்தின பாட்டுன்னு இவர் சொல்ல, அவர் உடனே ஓகே சொல்லிட்டார். பாட்டு நடுவுல நிஜமாவே வாயில தண்ணி வெச்சுக் கொப்பளிக்கிற சத்தம் வரும்.

எல்லாரும் ஓகே சொல்லல. பிரின்ஸ் கடைசி வரைக்கும் முடியாதுன்னுட்டார். பால் மெக்கார்ட்னி பாட்டு ஒண்ணை 'சிக்கன் பாட் பை' ஆக்கலாமான்னு கேட்டப்போ, அவர் சைவம், அதனால வேணாம்னார். இவரும் விட்டுட்டார். 1996ல கூலியோ விவகாரம் வேற மாதிரி. அனுமதி இருக்குன்னு ரெக்கார்ட் கம்பெனி வழியா இவருக்குத் தகவல் வந்துச்சு, பாட்டு வெளியானதும் கூலியோ நான் கொடுக்கவே இல்லன்னார். அதுக்கப்புறம் நடுவுல யாரையும் நம்பாம முடிஞ்ச வரைக்கும் நேரடியா கலைஞர்கிட்டயே பேச ஆரம்பிச்சார். பல வருஷம் கழிச்சு கூலியோவே, தான் அதைப் பெருசு பண்ணியிருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார்.

ஆனா அமெரிக்கச் சட்டத்துல கேட்டே ஆகணுமா? 1994ல அங்க சுப்ரீம் கோர்ட்டுல ஒரு வழக்கு. 2 லைவ் க்ரூங்கற ராப் குழு, ராய் ஆர்பிசனோட 'ஓ, ப்ரிட்டி வுமன்' பாட்டைக் கலாய்ச்சிருந்தாங்க. காசு சம்பாதிக்கப் பண்ணின பேரடியா இருந்தாலும் அது நியாயமான பயன்பாட்டுக்குள்ள வரலாம்னு கோர்ட் சொல்லுச்சு. அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஒரு பாட்டை எடுத்து அந்தப் பாட்டையே கிண்டல் பண்ணினா உங்க பக்கம் வலு அதிகம். அந்தப் பாட்டை வாகனமா வெச்சுக்கிட்டு வேற எதையோ கிண்டல் பண்ணினா, 'அதுக்கு ஏன் என் பாட்டு?'ன்னு கேட்கலாம். இப்போ யோசிங்க: நிர்வாணா பாட்டு முதல் வகை. பஸ் பாட்டு? ஐஸ்கிரீம் பாட்டு? குயீன் குழுவைப் பத்தி பஸ் பாட்டு எதுவும் சொல்லல. அதனால இவர் அனுமதி கேட்கிறது வெறும் மரியாதை மட்டும் இல்ல, புத்திசாலித்தனமும்தான்.

நம்ம நாட்டுல 1957 காப்புரிமைச் சட்டம், பிரிவு 52. விமர்சனம், ஆய்வு, நடப்புச் செய்தி மாதிரி சில காரியங்களுக்கு நியாயமான பயன்பாடு உண்டு. பேரடின்னு தனியா ஒரு சொல் அதுல இல்ல. 1996ல கேரள உயர் நீதிமன்றத்துல வந்த ஒரு வழக்குல, ஒரு பிரபல நாடகத்துக்கு சிவிக் சந்திரன் எழுதின எதிர் நாடகத்தை விமர்சனம்ங்கற கணக்குல ஏத்துக்கிட்டாங்க. அங்கயும் அதே லாஜிக்தான், பழைய நாடகத்தையே அது கேள்வி கேட்டது. அதனால ஒரு காதல் பாட்டோட மெட்டுல நான் பி.ஜி. சாம்பாரைத் திட்டினா, அது எந்தக் கணக்குல வரும்னு யோசிச்சுக்கோங்க.

இன்னொரு சிக்கல், யார்கிட்ட கேட்கறது. வியர்ட் ஆல் கேட்கிற ஆளுங்க பெரும்பாலும் தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுறவங்க, ஒரு கதவு போதும். சினிமாப் பாட்டுல ஆடியோ கம்பெனி, இசையமைப்பாளர், பாடலாசிரியர்னு மூணு கதவு. 2012 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், உரிமையை எழுதிக் கொடுத்துட்டாலும் ராயல்டியில பங்கு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உண்டு. நாங்க ஒரு ஆடியோ கம்பெனிக்கு ரெண்டு மெயில் போட்டோம். 'உங்கள் மின்னஞ்சல் பெறப்பட்டது'ன்னு தானியங்கி பதில் வந்திருக்கு. அதையே மெட்டுல பாடலாம் போல.

ஆனா வியர்ட் ஆல்கிட்டயே இன்னொரு வழி இருக்கு. ஒரு குறிப்பிட்ட பாட்டை எடுக்காம, ஒரு கலைஞரோட பாணியை மட்டும் எடுத்துப் புதுசா மெட்டுப் போடறது. 1985ல டீவோ குழுவோட பாணியில ஒண்ணு பண்ணினார், அந்தக் குழுவோட மார்க் மதர்ஸ்பாவே கேட்டு அசந்துட்டார். 2003ல 'பாப்'னு ஒரு பாட்டு. பாப் டிலன் மாதிரியே மூக்கால பாடுவார், வரிகள் ஆழமா இருக்கற மாதிரியே இருக்கும், ஒண்ணும் புரியாது. கவனிச்சா ஒவ்வொரு வரியும் 'விகடகவி' மாதிரி பின்னாடி இருந்து படிச்சாலும் அதே வரி. அந்தத் தலைப்பும்தான்! என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதுக்கு மேல சந்தோஷம் வேற என்ன வேணும்.

இவரோட 'மேண்டட்டரி ஃபன்' ஆல்பம் 2014ல பில்போர்ட் 200 பட்டியல்ல முதலிடத்துல நுழைஞ்சது. ஒரு காமெடி ஆல்பம் அந்த இடத்துக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது, கடைசியா 1963ல ஆலன் ஷெர்மன். அதுல லார்டோட 'ராயல்ஸ்' பாட்டை 'ஃபாயில்' ஆக்கியிருப்பார். மிச்ச சாப்பாட்டைச் சுத்தி வைக்கிற அலுமினிய ஃபாயில். முதல் பாதி நம்ம ஃபிரிட்ஜ், ரெண்டாம் பாதியில அது எங்க போகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். முதல்முறை கேட்கிறவங்க அதுல ஆரம்பிங்க, ஆனா ஒரிஜினலை ரெண்டு தடவையாவது கேட்டுட்டு. இல்லன்னா எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

நம்ம செக்மென்ட் விஷயம்: அடுத்த எபிசோடுல இருந்து பாணி வழியில போறோம். மெட்டு எங்க கீபோர்டு நண்பரோடது, எண்பதுகள் மழைப் பாட்டு மாதிரி புல்லாங்குழல் எல்லாம் வெச்சு ரொம்ப உருக்கமா போட்டிருக்கான். தலைப்பு, அஞ்சாவது நாள் மாவு. யாரோட உடம்பைப் பத்தியும் இருக்காது, ஃபிரிட்ஜைப் பத்தி மட்டும். வரிகள் அனுப்பறவங்க தத்தகாரத்தை ஷோ நோட்ஸ்ல பார்த்து, அளவு சரியா இருக்கான்னு வாய்விட்டுப் பாடிப் பார்த்துட்டு அனுப்புங்க. போன தடவை ஒருத்தர் ஒரே வரியில இருபத்தாறு எழுத்து அனுப்பினார். பாடினவன் இன்னும் மூச்சு வாங்கிட்டு இருக்கான்.